ஒட்டோ கியர் கெப்புக்கு டியூனிங்: திருகோணமலைக்காரர் காசைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஒட்டோ கியர் டபுள் கெப் ஒன்றில் ஐஸும் மீனும் ஏற்றி ஓடுகிறீர்கள், அல்லது நிலாவெளிக் கரையில் ட்ரெய்லரோடு போட் இழுக்கிறீர்கள் என்றால், "இன்ஜினைக் கொஞ்சம் டியூன் பண்ணிவிடு, இழுவை கூடும்" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். டியூன் என்பது இன்ஜின் கணினியின் அளவுகளை மாற்றி இழுவையைக் கூட்டுவது. இழுவை கூடுவது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் இழுவையை முதலில் தாங்க வேண்டியது கியர் பொக்ஸ். கியர் பொக்ஸைப் பற்றிப் பேசாமலே டியூன் விற்கிறவர்கள்தான் அதிகம்.

நான் வாங்கிய செகண்ட்ஹாண்ட் கெப்பை முன்பு வைத்திருந்தவர் டியூன் செய்திருந்தார். அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாறும்போது ஆர்.பி.எம் முள் மேலே ஒரு துள்ளுத் துள்ளி, பிறகு வண்டி ஒரு இடி இடித்துக்கொண்டு போகும். ஒரு கராஜில் கியர் பொக்ஸ் போய்விட்டது, முழுதாகக் கழற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒயிலை மட்டும் மாற்றினார்கள். கடைசியில் கோளாறு இன்ஜின் கணினியில் ஏற்றியிருந்த கோப்பில் இருந்தது. அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இன்ஜின் கியர் பொக்ஸிடம் என்ன சொல்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இது விளங்கினால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். அதனால் இதை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஒட்டோ கியர் பொக்ஸுக்குள் கிளச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பது ஒயிலின் அழுத்தம். எவ்வளவு இறுக்குவது என்று கியர் பொக்ஸின் கணினி எப்படி முடிவு செய்கிறது? இன்ஜின் கணினி "இப்போது நான் இவ்வளவு டோர்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறேன்" என்று ஒரு கணக்கை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பித்தான் அழுத்தம் வைக்கப்படுகிறது.

இன்ஜின் 400 நியூட்டன் மீற்றர் என்று சொல்கிறது, உண்மையில் 480 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கியர் பொக்ஸ் 400க்குப் போதுமான அளவுக்குத்தான் தட்டுகளை இறுக்கும். மிச்சம் 80ஐத் தாங்க முடியாமல் தட்டுகள் வழுக்கும். வழுக்கும்போது சூடு ஏறும், ஒயில் கருகும், தட்டின் மேற்பூச்சு தேய்ந்து துகளாகி ஒயிலோடு வால்வுகளுக்குள் போகும். வெளியே உங்களுக்குத் தெரிவது கியர் மாறும்போது வரும் அந்த முள் துள்ளல் மட்டும்தான்.

இரண்டாவது, அக்ஸிலேட்டர் பெடல். எந்த வேகத்தில் அடுத்த கியருக்குப் போவது என்பதைக் கியர் பொக்ஸ் பெரும்பாலும் வண்டியின் வேகத்தையும் பெடல் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தே முடிவு செய்கிறது. டியூனில் பெடலின் அளவை மாற்றினால், காலைக் கொஞ்சம் வைத்தாலே வண்டி பாயும். கியர் மாறும் இடமும் அதோடு மாறும். சில வண்டிகளில் கியர் தேவையில்லாமல் நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் கால் லேசாகப் படுவதால் கியர் முன்கூட்டியே ஏறி, குறைந்த ஆர்.பி.எம்மில் முழு இழுவையும் தட்டுகளின் மேல் விழும். பாரம் ஏற்றும் வண்டிக்குப் பின்னது மோசம்.

மூன்றாவது, கியர் மாறும் கணம். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு "டோர்க்கைக் குறை" என்று கியர் பொக்ஸ் இன்ஜினைக் கேட்கும், இன்ஜின் டீசலைக் குறைத்துக் கொடுக்கும். நிறுவனச் செட்டிங்கில் கியர் மாறுவது தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். டியூன் போட்டவர் இந்த இடத்தின் எல்லைகளைத் தெரியாமல் கலைத்துவிட்டால் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் இடி விழும்.

2.8 லீற்றர் ஹைலக்ஸ் ஒட்டோ 2015இல் வந்தபோது அதன் டோர்க் 450 நியூட்டன் மீற்றர். 2020இல் டொயோட்டா அதை 500 ஆக்கியது. "கம்பனியே கூட்டியிருக்கிறது, நாங்களும் கூட்டலாம்" என்று இதைக் காட்டித்தான் விற்பார்கள். கம்பனி கூட்டும்போது இன்ஜின், கியர் பொக்ஸ் இரண்டுக்கும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும்.

2. வண்டி ஏற்கெனவே டியூன் செய்யப்பட்டதா என்று பாருங்கள்

2020 மார்ச் முதல் சில வருடங்கள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கெப்கள் பல கை மாறியிருக்கின்றன. விற்றவர் சொல்லாமல் விட்டிருக்கலாம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

பொனட்டைத் திறந்து டீசல் ரெயில் பிரஷர் சென்சரை, அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் சென்சரைத் தேடுங்கள். அதன் வயர் நேராக வராமல் இடையில் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று செருகியிருந்தால் அது டியூனிங் பொக்ஸ். பெட்டி இல்லாமல் வயரில் புதிய டேப், வெட்டி ஒட்டிய தடம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அக்ஸிலேட்டர் பெடலின் மேல் முனையையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே செருகும் பெட்டி பெடலின் சிக்னலை மட்டும் மாற்றும். அது டோர்க்கைக் கூட்டாது, ஆனால் கியர் மாறும் இடத்தைக் குழப்பும்.

பெட்டி ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்கானரைச் செருகி இன்ஜின் கணினியின் கலிப்ரேஷன் இலக்கத்தை (உள்ளே ஏற்றியுள்ள கோப்பின் அடையாள இலக்கம்) எடுத்து, உங்கள் வண்டியின் சேஸி இலக்கத்தோடு முகவர் நிறுவனத்தில் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இலக்கம் பொருந்தாவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பொருந்துவதை மட்டும் வைத்து நிம்மதியடைய வேண்டாம். இலக்கத்தை அப்படியே விட்டு உள்ளே மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு.

ஏற்கெனவே டியூன் இருந்தால் அதன் மேல் இன்னொன்றைப் போட விடாதீர்கள். முதலில் நிறுவனச் செட்டிங்குக்குத் திருப்பி, சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

3. கியர் பொக்ஸின் நிலையைப் பரிசோதியுங்கள்

முதலில் ஒயில். புதிய கெப்கள் பலவற்றில் கியர் ஒயில் பார்க்க அளவுகோல் கம்பி இல்லை. வண்டியைச் சமதரையில் உயர்த்தி, ஒயில் நிறுவனம் சொன்ன வெப்பநிலைக்கு வந்த பிறகு, அடியில் உள்ள மட்ட நட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்கானரில் வெப்பநிலை பார்க்காமல் நட்டைத் திறக்கிற கராஜில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சூடான ஒயிலில் பார்த்தால் ஒரு மட்டம், ஆறிய ஒயிலில் பார்த்தால் வேறு மட்டம்.

ஒரு துளி ஒயிலை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ பரவினால் நல்லது. நடுவில் கறுப்பு வட்டம் தங்கி, ஓரத்தில் மட்டும் ஒயில் பரவினால் அது தட்டுத் தேய்ந்த துகள். மூக்கில் வைத்ததும் கருகல் வாசம் வந்தால் டியூன் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் ஒயிலோடு கலந்திருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒட்டோ கியர் வண்டியைச் சில்லு தரையில் உருளக் கட்டி இழுத்தால் கியர் பொக்ஸ் கெடும்.

கடற்கரையில் ஓடுகிற வண்டிகளுக்கு ஒன்று கூடுதலாக: ஒயில் கூலருக்குப் போகும் இரும்புக் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடும் வண்டிகளில் துரு முதலில் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மீன் பெட்டித் தண்ணீர் வடிந்து அடிப்பாகத்தில் படுகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். கந்தளாய் வீதி இதற்கு நல்லது, காலை வேளையில் போங்கள். மாலையானால் அந்த வீதியில் யானை இறங்கும். லேசான காலில் ஒவ்வொரு கியரும் மாறுவதைக் கவனியுங்கள். உயர்ந்த கியரில் ஒரே வேகத்தில் போகும்போது, ரோட்டு ஓரத்து வரம்பின் மேல் ஓடுவது போன்ற நடுக்கம் வந்தால், அது டோர்க் கன்வேர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) லொக் கிளச்சின், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளச்சின் கோளாறாக இருக்கலாம். ஸ்கானர் இருந்தால் இன்ஜின் ஆர்.பி.எம்மையும் கியர் பொக்ஸ் உள்ளீட்டு ஆர்.பி.எம்மையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். லொக் முழுதாகப் பிடித்திருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே ஏதாவது தவறாகத் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த கியர் பொக்ஸுக்கு மேல் டியூன் போட்டால் அது தாங்காது.

4. எந்த வகை டியூன் என்று தெரிந்து கேளுங்கள்

டியூனிங் பொக்ஸ்: விலை குறைவு, கழற்றுவதும் சுலபம். இது ரெயில் பிரஷரை உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. இன்ஜின் கணினி அதை நம்பிப் பம்பைக் கூட்டுகிறது. அதாவது எவ்வளவு டீசல் உள்ளே போகிறது என்று இன்ஜினுக்கே தெரியாது. அதற்கே தெரியாதபோது கியர் பொக்ஸுக்கு எப்படிச் சொல்லும்? ஒட்டோ கியர் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இன்ஜின் கணினியை மட்டும் ரீமாப் செய்வது (உள்ளே உள்ள கோப்பை மாற்றி எழுதுவது): செய்கிறவரின் அறிவைப் பொறுத்தது. நல்லவர் டோர்க் கணக்கையும் சேர்த்துத் திருத்துவார், கியருக்குக் கியர் உள்ள எல்லைகளை மதிப்பார். எங்கோ வாங்கிய கோப்பை அப்படியே ஏற்றுகிறவர் எல்லைகளைத் தூக்கிவிட்டுப் போய்விடுவார்.

இன்ஜின், கியர் பொக்ஸ் இரண்டையும் சேர்த்து ரீமாப் செய்வது: பாரம் இழுக்கிற ஒட்டோ கெப்புக்கு இதுதான் சரி. அழுத்தம், கியர் மாறும் இடம், லொக் பிடிக்கும் வேகம் எல்லாம் புதிய டோர்க்குக்கு ஏற்ப அமையும். எல்லா வண்டிகளின் கியர் பொக்ஸ் கணினியையும் திறக்க முடியாது. உங்கள் மொடலுக்கு முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் டோர்க்கை நிறுவன அளவுக்கு மிகக் கிட்டவே வைக்கச் சொல்லுங்கள்.

செய்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள்: "கியர் பொக்ஸுக்குப் போகும் டோர்க் கணக்கை என்ன செய்வீர்கள்?" நின்று விளக்குகிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம். "அது ஒரு பிரச்சினையும் வராது" என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஈ.ஜி.ஆரை (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) அடைப்பது, புகை வடிகட்டியை எடுப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்து தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள், ஊர்க்காற்றும் கெடும்.

5. பத்திரங்கள்

நிறுவனக் கோப்பின் பிரதி: உங்கள் வண்டியிலிருந்து முதலில் வாசித்தெடுத்த கோப்பைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். இன்ஜினுக்கு ஒன்று, கியர் பொக்ஸுக்கு ஒன்று. டியூன் செய்தவர் கடையை மூடினாலும் வேறொருவர் திருப்பிப் போடலாம். தர மறுக்கிறவரிடம் செய்ய வேண்டாம்.

பில்: வண்டி இலக்கம், சேஸி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், திகதி, எந்தக் கணினிகளில் கை வைத்தார், கூட்டிய டோர்க் எவ்வளவு, திருப்பிப் போடக் கட்டணம் உண்டா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

லீசிங்: வண்டி லீசிங்கில் இருந்தால் பதிவுப் புத்தகத்தில் அந்தக் கம்பனியும் உரிமையாளராக இருக்கும். மாற்றங்கள் செய்ய அனுமதி வேண்டும் என்ற பந்தி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடிதம் கொடுங்கள்.

காப்புறுதி: இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மாற்றத்தை அறிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். முகவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அறிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகே டியூனுக்கு நாள் குறியுங்கள்.

புகைச் சான்றிதழ்: வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை. டீசல் வண்டிக்கு இன்ஜினை நியூட்ரலில் வேகமாக முறுக்கி, வரும் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். டீசலை அதிகமாகக் கொட்டும் டியூன் அந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது டியூன் செய்தால், தோற்றாலும் திருத்த நேரம் இருக்கும்.

வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் பொறுத்திருங்கள்.

6. செலவும் நேரமும்

விலை டாலரோடு ஏறி இறங்குவதால் தொகை சொல்வதில் பயனில்லை. என்னென்ன வரிகளில் விலை கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்: ஸ்கானும் ஓட்டப் பரிசோதனையும், கியர் ஒயிலும் வடிகட்டியும், இன்ஜின் கோப்பு, கியர் பொக்ஸ் கோப்பு, கியர் பொக்ஸ் கணினி கற்றுவைத்த பழக்கத்தை அழித்துப் புதிதாகப் படிப்பித்தல், இரண்டாம் தடவைத் திருத்தம். கடைசி இரண்டும் பேசிய தொகைக்குள் வருமா என்று கட்டாயம் கேளுங்கள். பின்னால் தனியாகக் காசு கேட்பது இவற்றுக்குத்தான்.

ஒயிலில் ஏமாறாதீர்கள். அடி நட்டைத் திறந்து வடித்தால் மொத்த ஒயிலில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரைதான் வரும். மிச்சம் டோர்க் கன்வேர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். ஆகவே முழுதாக மாற்றினோம் என்று சொன்னால் எத்தனை லீற்றர் போனது என்று பில்லில் பாருங்கள். ஒயிலும் அந்தந்த கியர் பொக்ஸுக்குரியதாக இருக்க வேண்டும். அண்மைக்கால டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ் என்ற ஒயில், ஃபோர்ட் ரேஞ்சரின் ஆறு கியர் உள்ள பொக்ஸுக்கு மேர்கொன் எல்.வி என்ற ஒயில். "எல்லா ஒட்டோவுக்கும் பொருந்தும்" என்ற போத்தலை வாங்க வேண்டாம்.

ஒயில் மாற்றம், ஸ்கான் போன்றவற்றைத் திருகோணமலையிலேயே செய்துகொள்ளலாம். கியர் பொக்ஸ் கணினியைத் திறக்கத் தெரிந்தவருக்காகக் கொழும்புவரை போக வேண்டியிருக்கலாம். போகும்போது ஓர் இரவு தங்கும் கணக்கோடு போங்கள். அதே நாளில் திரும்ப வேண்டும் என்று ஓடினால் ஓட்டிப் பார்த்துத் திருத்த நேரம் இருக்காது. கோப்பு ஏற்றும்போது பற்றரிக்குச் சார்ஜர் இணைத்திருக்க வேண்டும், அந்தச் சார்ஜருக்கு மின்வெட்டைத் தாங்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். பாதியில் வோல்ட் விழுந்தால் கணினியே செயலிழக்கலாம்.

எந்த மாதத்தில் செய்வது? மாரியில் செய்வதே தொழிலுக்கு வசதி. நிலாவெளிப் பக்கம் சுற்றுலா ஓட்டமும் அப்போது குறைவு. ஆனால் மாரிக் குளிரில் சரியாக ஓடுகிற வண்டி, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாரத்தோடு போகும்போது சூடேறும். டியூன் செய்பவரிடம் வெயில் காலத்தில் ஒரு தடவை திரும்பப் பரிசோதிக்கும் நாளையும் பேசிக்கொள்ளுங்கள்.

7. டியூன் முடிந்த அன்று

கியர் பொக்ஸ் பழைய டோர்க்குக்கு ஏற்ற பழக்கத்தில் இருக்கும். ஸ்கானரால் அந்தப் பழக்கத்தை அழித்து, ஒயில் சூடான பிறகு மெதுவான காலில் எல்லாக் கியர்களுக்கும் ஏறி இறங்கி, நின்று எடுத்து, பலமுறை ஓட்ட வேண்டும். இதைச் செய்யாமல் சாவியைத் தந்தால் வாங்காதீர்கள். ஓட்டம் நடக்கும்போது செய்தவரே பக்கத்தில் ஸ்கானரோடு இருக்கட்டும்.

பிறகு பாரத்தோடு ஒரு ஓட்டம். வெறும் வண்டியில் எல்லா டியூனும் நல்லதாகத்தான் தெரியும். கியர் ஒயில் வெப்பநிலை பொதுவாக 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை நிற்கும். 120ஐத் தாண்டி நின்றால் ஒயில் வேகமாகக் கெடும். அப்படியானால் டோர்க்கைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய ஒயில் கூலர் போட வேண்டும்.

8. பிறகு ஓட்டும் விதம்

போட் இழுக்கிறவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மணலில் சில்லு நகராமல் அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இழுவை முழுவதும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் சூடாக மாறுகிறது. டியூன் செய்த வண்டியில் அந்தச் சூடு இன்னும் வேகமாக ஏறும். கரையில் போட் ஏற்றும்போது ஃபோர் வீல் லோவில் போடுங்கள், டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், புதைந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டு மண்ணை வெட்டுங்கள். மேலே வந்ததும் உடனே இன்ஜினை நிறுத்தாமல், நியூட்ரலில் சில நிமிடம் ஓட விட்டால் ஒயில் கூலரில் சுற்றி ஆறும்.

டியூனோடு சேர்த்துப் பெரிய டயர் போடாதீர்கள். டயர் பெருத்தால் வேகக் கணக்கு மாறும், கியர் மாறும் இடமும் மாறும். எது எதனால் வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒயிலை நிறுவனம் கடுமையான பாவனைக்குச் சொல்லும் இடைவெளியில் மாற்றுங்கள். ஐஸும் மீனும் ஏற்றி ஹபரணை வழியாகக் கொழும்பு ஓடுகிற வண்டியின் பாவனை கடுமையானதுதான்.

கியர் மாறும்போது முள் துள்ளினால், டி போட்டதும் வண்டி பிடிக்கத் தாமதித்தால், அல்லது ஒயில் வெப்ப விளக்கு எரிந்தால் அன்றைக்கே பாரத்தை இறக்குங்கள். பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய் நிறுவனக் கோப்பைத் திருப்பிப் போடச் சொல்லி, பழக்கத்தை அழித்து மீண்டும் படிப்பித்துப் பாருங்கள். கோளாறு அதோடு போய்விட்டால் டியூனைத் திருத்தினால் போதும். போகாவிட்டால் கியர் பொக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, அடித்தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது வழமை. விரலில் குத்தும் இரும்புச் சீவல் இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.